செதுக்கி எடுத்த மூலை

அச்சான தாளைக் கட்டையிலிருந்து மெல்ல உரித்துத் தூக்கியபோது, அதன் வலது கீழ் மூலையில் மூன்று சிறு கோடுகள் இருந்தன. ஈர மண்ணில் பறவை கால் வைத்துப் போன மாதிரி. மாரைக்கெ தாளை விளக்கருகே கொண்டுபோனாள். கறுப்பு மை ஈரமாகப் பளபளத்தது.

அது அங்கே இருக்க வழியே இல்லை. போன மாதம் அவளேதான் அந்த இடத்தை உளியால் தோண்டி எடுத்திருந்தாள். மரக்கட்டை அச்சில் மேடாக நிற்பது மட்டும்தான் மை பிடிக்கும், பள்ளம் வெள்ளையாகத்தான் விழும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது. கட்டையின் மூலையில் விரல் வைத்துப் பார்த்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது, மையே படாமல்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் ஹென்னிங். பழைய நூற்பாலையின் இரண்டாம் மாடியிலிருந்த அந்தப் பட்டறையைக் கவனித்துக்கொள்பவர். பசைக் கிண்ணத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தாள்ல மை கொஞ்சம் கசிஞ்சிருச்சு, ஹென்னிங்."

"அழுத்தம் ஜாஸ்தி வச்சிருப்ப. உனக்கு எப்பவுமே கை முரடு. நான் கீழ சந்தையில ஒரு கோப்பை சூடா ஒயின் குடிச்சுட்டு வரேன். ஆறு மணிக்குப் பூட்டிருவேன், பாத்துக்கோ."

இரும்புப் படியில் அவர் காலடி தேய்ந்து மறைந்தது. மணி நான்குதான். ஆனால் டிசம்பர் மாத லைப்சிக்கில் நான்கு மணிக்கே ஜன்னலெல்லாம் இருட்டிவிடும். கறுத்த கண்ணாடிகளில் விளக்கும் அவள் முகமும்தான் தெரிந்தன.

நாளைக் காலை பத்து மணிக்குப் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். கையால் அச்சடித்து, கையால் தைத்துக் கட்டிய ஒரே ஒரு புத்தகம். டிராமில் பார்த்த பன்னிரண்டு மனிதர்களின் முகங்கள், பன்னிரண்டு பேரிமரக் கட்டைகளில். வென்றால் ஒரு வருட உதவித்தொகையும் சொந்தப் பட்டறையும் கிடைக்கும். தோற்றால்கூடப் பரவாயில்லை. அந்தக் கோடுகளை யாராவது பார்த்துவிட்டால்தான் வாழ்க்கையே போச்சு.

ஏனென்றால் அந்த முகங்களைச் செதுக்கியவள் யோர்டிஸ். பக்கத்து மேசைக்காரி. தன் கட்டை ஒவ்வொன்றின் மூலையிலும் அந்தப் பறவைக்காலை வெட்டி வைப்பது அவள் வழக்கம். போன குளிர்காலத்தில் கல்லூரி விசாரணையில் மாரைக்கெ வாய் கூசாமல் சொன்னாள், கட்டைகள் என்னுடையவை, அவள்தான் திருடி அடையாளம் போட்டுக்கொண்டாள் என்று. கண்ணீர்கூட வந்தது. நம்பிவிட்டார்கள்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடி," என்று வாசலில் வழிமறித்தாள் யோர்டிஸ். "ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லு."

மாரைக்கெ பார்க்கவில்லை. அந்த வாரமே யோர்டிஸ் உறைந்த ஏரியின் பனிமேல் தனியாக நடந்துபோனாள். மார்ச்சில் பனி உருகியபிறகுதான் கிடைத்தாள்.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கட்டையைத் துடைத்து, மூலையை இன்னும் ஆழமாகத் தோண்டி, உருளையால் புது மை தடவி, தாள் விரித்து, அச்சுப்பொறியின் கைப்பிடியை இழுத்தாள். தாளை உரித்தாள். மூன்று கோடுகள். முன்னைவிடக் கறுப்பாக.

தைக்க வைத்திருந்த மற்றப் பதினொரு பக்கங்களையும் பதறிப் புரட்டினாள். நேற்றுவரை சுத்தமாக இருந்தவை. ஒவ்வொரு மூலையிலும் பறவைக்கால். எல்லாமே ஈரமாக. தன் பெயருக்கென்று ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த முதல் பக்கத்தில், பெயர் இருந்த இடம் வெறும் வெள்ளை. எழுத்து அழுந்திய தடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சிர்ர்க். சிர்ர்க். கூரிய உளி பேரிமரத்தில் இறங்கி, சுருளைச் சுருட்டித் தள்ளும் சத்தம். பக்கத்து மேசையிலிருந்து. அங்கே காகிதப் பெட்டிகளைத் தவிர வேறெதுவும் இல்லை, பத்து மாதமாக யாரும் உட்காரவில்லை. பசையின் நாற்றத்துக்கும் மையின் எண்ணெய் வாடைக்கும் நடுவே, பாசி பிடித்த குளிர்ந்த தண்ணீரின் வாடை தவழ்ந்து வந்தது.

"யாரு?"

சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது. இம்முறை பக்கத்து மேசையில் இல்லை, அவள் காலடியில்.

குனிந்து பார்த்தாள். தரையில் சுருள்கள். மெல்லியவை, வெளிறியவை. மரச்சுருள் இந்த நிறத்தில் இருக்காது. ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது தன் உள்ளங்கையைக் கண்டாள். ரேகைகள் இல்லை. அவை இருந்த இடமெல்லாம் உளி போன தடம், அருகருகே, நேர்த்தியாக. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. மைத்தட்டில் கையை அழுத்தித் தாளில் வைத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

சிர்ர்க்.

ஓட நினைத்தாள். கால் எழவில்லை. யாரோ தோளைப் பிடித்துப் பலகையோடு அழுத்தி வைத்தாற்போல, செதுக்கும்போது கட்டையை நகராமல் பிடிப்பார்களே, அப்படி. சில்லென்ற பிடி. ஈரப் பிடி.

சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி. நான் பொய் சொன்னேன், அவை அவள் கட்டைகள் என்று யாரிடமாவது, இப்போதே.

படியில் காலடி. ஹென்னிங்! கடவுளே, ஹென்னிங்.

"மாரைக்கெ! முடிஞ்சுதாம்மா?" கதவுக்கு வெளியிலிருந்தே கத்தினார்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்ததாக நினைத்தாள். எதிரே கறுத்த ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே தாடைவரை, வழவழவென்று, ஒன்றுமில்லை. உளித் தடங்கள் மட்டும்.

சுருள் ஒன்று மார்பில் விழுந்தது.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பதில் போனது. மாரைக்கெயின் குரலிலேயே. அவளுக்கே உரிய அந்தக் கொஞ்சலோடு.

"இன்னும் கொஞ்சம்தான், ஹென்னிங். கண்ணு மட்டும்தான் பாக்கி."

"சரி சரி, நிதானமாப் பண்ணு. அவசரப்பட்டுக் கெடுத்துடாத," என்று சிரித்தபடி அவர் இறங்கிப் போனார். கீழ்க்கதவு சாத்தப்பட்டது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது இமையின் அடியில், குளிர்ந்த உளி முனை, சரியான கோணம் தேடி, மெல்ல வந்து அமர்ந்தது.