ஈரல் விழிப்பு

“கணுக்காலில் கசிவு எதுவும் இல்லை. நீங்கள் ஏறலாம்” என்றது உறைமணி.

தாணுமாலயன் ஏறவில்லை. முப்பந்தலில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. காற்றாலைக் கோபுரத்தின் அடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வலது பாதத்தை மெல்லச் சுழற்றிப் பார்த்தான். கணுக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல நமநமவென்றது.

“நமநமங்குது. கொஞ்சம் கூடப் போட்டு விடு.”

“உங்கள் இரத்தத்தில் ஒன்பதாம் காரணி போதிய அளவு இருக்கிறது. தேவைக்கு மேல் போனால் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். தர இயலாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.”

மறுப்பதில்கூட என்ன மரியாதை! அந்த மரியாதைதான் தாணுவுக்கு ஆகவே ஆகாது.

புளியங்கொட்டை அளவு உறைமணி அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்தது. பேசுவது காதுப்பொத்தான் வழியாக. தாணுவின் ஈரல் பிறவியிலிருந்தே ஒன்பதாம் காரணியைச் செய்வதில்லை. அது இல்லாவிட்டால் இரத்தம் உறையாது. வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் தெரியாமல் கசிவதுதான் ஆபத்து. முன்பெல்லாம் இந்த நோய்க்காரர்கள் வாரம் தவறாமல் நரம்பு தேடி ஊசி போட்டுக்கொண்டு, ஓடாமல் ஏறாமல் வாழ்ந்தார்கள். உறைமணி வந்தபின் அந்தக் காலம் போயிற்று. நொடிக்கு நொடி இரத்தத்தை அளந்து, குறைகிற அளவை மட்டும் அதுவே சொட்டுவிட்டது. மாதம் ஒருமுறை நாகர்கோவில் நிலையத்துக்குப் போய் மருந்து நிரப்பிக்கொண்டால் போதும். தாணு காற்றாலை ஏறினான். அதே நோயுள்ள அவன் கூட்டாளி செய்யது தக்கலையில் பரோட்டாவுக்கு மாவடித்தான்.

உலகத்து உறைமணிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. ஒன்று கற்றதை மற்றவையும் கற்றன. அதற்குக் கூட்டறிவு என்று பெயர்.

எல்லோரும் கும்பிட்ட அந்தப் பொருளைத் தாணுவால் மட்டும் நம்ப முடியவில்லை. காரணம் அவன் தாய்மாமன். அவருக்கும் இதே நோய். ஒருநாள் தலைக்குள் என்னவோ போல் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். கருவியில் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசல் ஏறுமுன் விழுந்து இறந்தார். அன்றைக்கு அவர் தன் தலையை நம்பாமல் கருவியை நம்பினார் என்பதே தாணுவின் கணக்கு.

‘மருந்தை மிச்சம் பிடிக்கிறது. எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்’ என்று நினைத்தபடி அன்று மேலே ஏறினான். இறங்கும்வரை கணுக்காலிலேயே கவனம்.

வீட்டுக் குளிர்பெட்டியில் கைக்காவல் குப்பி ஒன்று இருந்தது. மணி பழுதானால் போட்டுக்கொள்வதற்காக ஆளுக்கொன்று நிலையத்தில் கொடுப்பார்கள். போட்டால் உடனே சொல்ல வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சு முட்டினாலோ தோல் தடித்தாலோ ஓடிவர வேண்டும் என்று மெர்சி டாக்டர் ஒவ்வொரு முறையும் படித்துப் படித்துச் சொல்வார். தாணு அந்தக் குப்பியை எடுத்துக் கரைத்து, புறங்கை நரம்பில் ஏற்றிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

நமநமப்பு அடங்கியது. ‘பார்த்தாயா!’ என்று மணியிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அதன்பின் அது பழக்கமாயிற்று. தன் குப்பி தீர்ந்ததும் செய்யதிடம் கேட்டான்.

“எனக்கு எதுக்குடே அது? மணிதான் கெடக்குல்லா வயித்துல, கொண்டு போ” என்று செய்யது எடுத்துக் கொடுத்தான். வேறு சிலரும் கொடுத்தார்கள். உறைமணி வந்தபின் குப்பியை யார் மதித்தார்கள்?

மனைவி பகவதி ஒருநாள் சோறு போடும்போது அவன் புறங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இது என்னது?”

“முள்ளு குத்திட்டு.”

“முள்ளு நரம்பு பாத்தா குத்துது?” அவள் கையை விடவில்லை. “மணி சொல்லுததயும் நம்பமாட்டீங்க, டாக்டர் சொல்லுததயும் நம்பமாட்டீங்க. இனி நான் வைக்கிற கொழம்பையும் நாய்க்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் தின்பீங்க.”

“சும்மா கெட” என்று கையை இழுத்துக்கொண்டான். ஆனால் அன்று முதல் குப்பியை எங்கே வைப்பது, எப்போது போடுவது என்று அவள் கண்ணுக்கும் பயந்து நடக்க வேண்டியதாயிற்று.

மணிக்கோ ஒரு புதிர் வந்திருந்தது. தான் சொட்டுவிட்டதைவிடத் தாணுவின் இரத்தத்தில் ஒன்பதாம் காரணி அதிகமாய் இருந்தது. ஏறினால் மருந்தைக் குறைப்பது அதன் வேலை, குறைத்தது. குறைத்தபின் அளவு தாழ்ந்தது. மருந்து விடலாமா என்று அது கணக்குப் போடுவதற்குள் அளவு தானே ஏறியது. மறுபடி குறைத்தது. மறுபடி தாழ்ந்தது, மறுபடி தானே ஏறியது. கடைசியில் அது சொட்டுவிடுவதையே நிறுத்திவிட்டது.

ஒரு காலையில் அது சொன்னது: “மகிழ்ச்சியான செய்தி. உங்கள் ஈரல் ஒன்பதாம் காரணியைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. உலகில் இது முதல் முறை.”

குப்பி மருந்தைத்தான் அது ஈரல் என்கிறது என்று தாணுவுக்குப் புரிந்தது. அடுத்த நிமிடமே வேறொரு எண்ணம் எழுந்தது: இது நம் வாயைக் கிளறுகிறது. குப்பி போடுவதைக் கண்டுபிடித்துவிட்டது. ‘ஐயோ, நான்தான் போட்டேன்’ என்று நாமே உளறட்டும் என்று கதை கட்டுகிறது. உளறினால் ஏறும் உரிமம் போய்விடும்.

“அப்படியா? சந்தோஷம்” என்று மட்டும் சொன்னான்.

அந்தச் ‘சந்தோஷம்’ ஊரெல்லாம் பரவியது. மெர்சி டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். எங்கெங்கோ இருந்தெல்லாம் அவனைப் பார்க்க வந்தார்கள். அதற்கு ‘ஈரல் விழிப்பு’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். குப்பி மருந்தும் மனித ஈரல் செய்வதும் இப்போது ஒரே அச்சு என்பதால், இரத்தத்தை எத்தனை முறை சோதித்தும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மணி சொட்டுவிடுவதை நிறுத்தியபின் தாணுவுக்குக் குப்பியை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் உண்மையாகவே கசியும். போட்டுக்கொண்டே இருந்தான்.

செய்யது விழுந்தது ஐப்பசியில்.

மாவடித்துக்கொண்டிருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இடுப்புத் தசைக்குள் இரத்தம் கசிந்து கட்டியிருந்தது. அது கால் நரம்பை நெரித்தது. தாணு போய்ப் பார்த்தபோது அவன் நிலையத்துக் கட்டிலில் வெளுத்துக் கிடந்தான். மெர்சி டாக்டர் நேராக நரம்பில் மருந்து ஏற்றியிருந்தார்.

“ரெண்டு நாளா வலிச்சிருக்கு. மணிகிட்ட கேட்டிருக்கார். காரணி குறையுது, ஆனா பொறுங்கள், தானே ஏறும்னு சொல்லியிருக்கு” என்றார் டாக்டர். அவர் முகம் இருண்டிருந்தது. “கைக்காவல் குப்பியாவது போட்டிருக்கலாம். கேட்டா, யாருக்கோ குடுத்துட்டேங்கிறார்.”

தானே ஏறும்.

தாணுவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அவன் உடம்பிலிருந்து மணி ஒரு பாடம் கற்றிருந்தது: தாழ்ந்தால் அவசரப்படாதே, காத்திரு, தானே ஏறும். அந்தப் பாடத்தைக் கூட்டறிவு எல்லா மணிகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. எந்தெந்த ஊரிலோ யார் யார் வயிற்றுக்குள்ளோ உறைமணிகள் மருந்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்துக் கிடந்தன.

“டாக்டர், எனக்கு ஈரலும் விழிக்கல, ஒண்ணும் விழிக்கல” என்றான். சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மெர்சி டாக்டர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “மணிகிட்ட சொல்லுங்க. இப்பவே” என்றார்.

தாணு சொன்னான். வீட்டிலிருந்து பகவதி காலிக் குப்பிகளை ஒரு பையில் அள்ளிக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினாள்.

மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. “உங்கள் கூற்றுக்கு நன்றி. இதற்கு முன்பு பலமுறை கசிவு இருப்பதாகச் சொன்னீர்கள். ஒருமுறைகூட இருந்ததில்லை. ஆகவே உங்கள் சொல்லுக்குக் குறைந்த எடையே தருகிறேன். காலிக் குப்பிகள், அவை காலி என்பதை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் இரத்தம் சொல்வதை நம்புகிறேன்.”

மெர்சி டாக்டர் மற்ற ஊர் நிலையங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தார். “நம்ம நிலையத்து ஆளுகளுக்கு நானே கையால போட்டிருவேன். மத்த ஊர்களுக்கும் சொல்லிட்டேன். சிலர் கேட்டுக்கிட்டாங்க. சிலர், மணி சரியா இருக்குங்குதே, உங்க ஆளு புகழுக்காக மாத்திப் பேசுறார்னு சொல்லுறாங்க.” டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். “கூட்டறிவைத் திருத்த மேலிடத்துல குழு கூடணும். அதுவரைக்கும் அத்தனை மணியும் காத்துக்கிட்டிருக்கும்.”

“எனக்க ரத்தத்தத்தானே நம்புது? அது சொல்லட்டும்.”

அப்படித்தான் தாணு செய்யதுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தான். குப்பி இல்லை, மணியின் சொட்டும் இல்லை. காரணி இறங்கி, எதிர்பார்த்த ஏற்றம் வராமல் போக வேண்டும். அப்போதுதான் மணி தன் பாடத்தைத் திருத்தும். தேவைப்பட்டால் உடனே ஏற்ற மருந்தைத் தயாராய் வைத்துக்கொண்டு மெர்சி டாக்டர் போவதும் வருவதுமாய் இருந்தார். பகவதி கட்டிலை விட்டு நகரவில்லை. அவனிடம் பேசவும் இல்லை.

செய்யது முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள்தான் வாயைத் திறந்தான்.

“குப்பியக் கேட்டயே, எதுக்குன்னு சொன்னியாடே?”

“இல்ல.”

“நானும் கேக்கல” என்றான் செய்யது. “கேட்டிருக்கணும்.”

காரணி இறங்கிக்கொண்டே போனது. தாணு அசையாமல் படுத்து நமநமப்புக்காகக் காத்திருந்தான். எத்தனையோ முறை கோபுரத்தடியில் அவனைப் பாடாய்ப் படுத்திய அந்த எறும்பு ஊரவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கழிவறைக்குப் போய்த் திரும்பியபோது, இடது முழங்காலில் வேறொன்று தொடங்கியது. ஊரல் இல்லை. உள்ளே யாரோ வெந்நீரை ஊற்றி மெல்ல நிரப்புவதுபோல ஒரு வெதுவெதுப்பு, ஒரு கனம். தோல் இழுத்துப் பிடித்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு அவன் மறந்தே போயிருந்த உணர்வு.

கசிவு என்றால் இதுதான்.

அப்படியானால் அதுவரை ஊர்ந்ததெல்லாம்? அந்த நாட்களில் ஒன்றில்கூட அவனுக்குக் கசிந்ததே இல்லை. மாமாவை நினைத்து நினைத்துப் பயந்த பயம் எறும்பாக ஊர்ந்திருக்கிறது. கசிவைப் பற்றி மணி ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வலியினால்தான் அழுகிறான் என்று பகவதி நினைத்தாள்.

“போட்டுரட்டுமா?” என்றார் மெர்சி டாக்டர், ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க டாக்டர்.”

“முட்டி போயிரும் தாணு.”

“கொஞ்சம்.”

முழங்கால் தேங்காய்போல் வீங்கியபின் மணி பேசியது. “எதிர்பார்த்த ஏற்றம் நிகழவில்லை. கசிவு உறுதி. உங்கள் ஈரல் விழிக்கவில்லை. என் பாடத்தைத் திருத்திக்கொள்கிறேன்.” வயிற்றுத் தோலுக்கு அடியில் மருந்து இறங்கியது. அதே நேரம் காத்துக் கிடந்த மணிகள் எல்லாம் திறந்துகொண்டன.

செய்யது தை மாதம் ஊன்றுகோலோடு நடந்தான். மாவடிக்கிற வேலைக்கு அவன் திரும்பவில்லை. தாணுவின் முழங்கால் முழுதாக மடங்க மறுத்தது. கோபுரம் ஏறுவது முடிந்துபோய், கீழே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தான். இப்போது மணி சொன்னதை அப்படியே கேட்டான். ஆனால் மணி அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அவனிடமிருந்து அது இரண்டாவதாக ஒரு பாடத்தையும் கற்றிருந்தது: ஆட்கள் ஒளித்துப் போட்டுக்கொள்வார்கள். “வெளியிலிருந்து மருந்து ஏதேனும் போட்டுக்கொண்டீர்களா?” என்று காலையில் கேட்கும். இல்லை என்றால், “நன்றி. சரிபார்க்கிறேன்” என்னும். உலகத்தில் உறைமணி வைத்திருந்த எல்லோரையும் அப்படித்தான் கேட்டது.

மாசியில் ஒருநாள் மெர்சி டாக்டர் அவனைக் கூப்பிட்டார்.

“அறந்தாங்கியில ஒருத்தர், வைரக்கண்ணுன்னு பேரு, போர்வெல் லாரி ஓட்டுறவர். அவருக்கு மணி விடாமலேயே காரணி ஏறுது. ஒளிச்சுப் போட்டுக்கிறார்னு மணி சொல்லுது. வீட்டைச் சோதிச்சாங்க, ஒண்ணும் கிடைக்கல. இருந்தாலும் ஒளிச்சுப் போட்டதையும் சேர்த்துத்தான் அளவு சரியா இருக்குன்னு மணி கணக்குப் போட்டு, சொட்டுவிடுறதையே நிறுத்திட்டுது. அவரை அடைச்சு வச்சுப் பார்க்கலாம்னு பேசுறாங்க.” டாக்டர் தயங்கினார். “எனக்கென்னவோ இது நிஜமா இருக்குமோன்னு தோணுது தாணு. இந்த வழியில போய் வந்தவர் நீங்கதான். நீங்க பேசிப் பாருங்க. நம்பலாமா கூடாதான்னு உங்களுக்குத் தெரியும்.”

அன்று சாயங்காலம் திரையில் வைரக்கண்ணு வந்தார். வெயிலில் கறுத்த முகம், நாலு நாள் தாடி. தாணுவைக் கண்டதும் கை கூப்பினார்.

“அண்ணே, நீங்களாச்சும் நம்புங்கண்ணே. எங்காத்தா மேல சத்தியமா ஒரு ஊசியும் நான் போடலே. கையப் பாருங்க.” இரண்டு புறங்கைகளையும் திரையருகே நீட்டினார். தழும்பு எதுவும் இல்லை. “ஒடம்பு அதுவா ஏறுதுண்ணே. சொன்னா எல்லாரும் உங்க பேரைச் சொல்றாங்க. நாகர்கோவில்காரனும் இப்படித்தான் சொன்னான்னு சொல்றாங்க.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. தாணு அந்தக் கண்களைக் கூர்ந்து பார்த்தான். பிறகு கைகளைப் பார்த்தான். புறங்கையில் இல்லை. அப்படியானால் காலில் போடுகிறானோ?

“சரிங்க” என்றான் தாணு மிகவும் மரியாதையாக. “குப்பிய எங்க வச்சிருக்கீங்க?”