உறைய விடாத உருளைகள்

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பழைய ஆய்வுக்கூட மிக்ஸரின் உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வாஷிங் மெஷினும் நிறுத்தியவுடன் நின்றுவிடுவதில்லையே என்று நோரீன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் வாஷிங் மெஷின் வேகம் தளர்ந்து தளர்ந்து நிற்கும். இது தளரவில்லை. ஒரே சீராக, அவசரமே இல்லாமல் வெள்ளை உருளைகள் புரண்டன, அவற்றின் மேல் படுத்திருந்த குப்பிகளும் கூடவே புரண்டன, பிறகு எல்லாம் ஒன்றாகச் சட்டென்று நின்றன. அதே நேரம் மாடியில் கட்டில் கிரீச்சிட்டது. கணவன் கிளைவ் தூக்கத்தில் புரண்டிருப்பான் என்று நினைத்து, அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

கிளைவுக்கு, அவர்கள் ஊரான கிரிம்ஸ்பியின் துறைமுகத்து மீன் குளிர்கிடங்கில் இரவுக் காவல் வேலை. பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவான். ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் போதும், மேலிருந்து வசவு விழும். முன்பெல்லாம் அவன் இவ்வளவு மோசமில்லை. போன குளிர்காலத்தில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனான். இனி ஒரு சிகரெட் தொட்டால் என்னிடம் வர வேண்டாம் என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிகரெட் இல்லை. அந்தக் கோபமெல்லாம் நோரீனின் தலையில்தான் விடிந்தது.

சிகரெட்டுக்குப் பதிலாக வேப், அதாவது மின்சிகரெட், பிடித்தான்; கடையில் விற்கும் அதன் திரவம் சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று துப்பினான். அதனால் அவளே வீட்டில் கலக்கக் கற்றுக்கொண்டாள். கிளிசரின், நிகோடின், ருபார்ப் கஸ்டர்ட் என்ற இனிப்பின் வாசனைச் சாறு. அவனுக்குப் பிடித்த ருசி அது ஒன்றுதான். ஆனால் கையால் குலுக்கினால் சரியாகக் கலப்பதில்லை. வாரக்கணக்கில் ஊற வேண்டும். அவனுக்கா பொறுமை? கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, முனைக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று வாசல்வரை போவான். அவன் என்ன திட்டினாலும் சரி, இன்னொரு முறை அந்த ஆம்புலன்ஸில் அவன் பக்கத்தில் உட்கார அவளுக்குத் தெம்பில்லை.

இணையத்தில் வேப் கலக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். குப்பிகளை உருட்டிக் கலக்கும் ஆய்வுக்கூட மிக்ஸர் வாங்கு, புதிது கட்டுப்படியாகாது, பழையதைப் பிடி. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ரஸ்ஸல் என்றொருவன், மூடிப்போன மருத்துவமனையின் ஆய்வுக்கூடச் சாமான்களைக் குவித்து வைத்து விற்றான். அந்த மிக்ஸர் அலமாரியில் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. இது எதற்கு உபயோகப்பட்டது என்று கேட்டாள்.

"ரத்தத்துக்கு, கண்ணு. குழாயில புடிச்ச ரத்தத்தச் சும்மா வெச்சா அடியில தங்கிரும், கட்டி தட்டிரும். அதத் தங்க விடாம இது உருட்டிக்கிட்டே இருக்கும்."

சுத்தம் செய்தார்களா என்று கேட்டதற்கு அவன் முகம் கோணியது.

"நீ என்ன இதுல சோறா ஆக்கப்போற? வேணும்னா எடு. இல்லேன்னா எடத்தக் காலி பண்ணு."

அவன் அதைத் தொடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கியது, தூக்கியது எல்லாம் அவள்தான். அவள் படி இறங்குவதற்குள், திருப்பிக் கொண்டுவராதே என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டான். மழையில் நின்றபடி அவனை மனதார வைதாள்.

வீட்டில் வைத்து ஓட்டிய மறுநாளே குப்பிகளில் நிறம் ஏறியது. வைக்கோல் நிறம், பிறகு தேநீர் நிறம். வேப் கலக்குகிறவர்களுக்கு இது நல்ல சகுனம். நிறம் ஏறினால் ஊறிவிட்டது, ஊறினால் ருசி. கிளைவ் ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்பத்தான்டி உனக்குக் கை வந்திருக்கு."

அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று. நோரீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரமே அவன் இருமலும் நின்றது. இத்தனை வருஷமாகச் சுவரைத் தாண்டிக் கேட்ட இருமல். இப்போது பகல் முழுக்க வீட்டில் ஒரு சத்தமில்லை, அடுக்களையில் உருளைகளின் மெல்லிய, ஈரமான சளக் சளக்கைத் தவிர. காய்ச்சிய பாலும் சர்க்கரையும் கலந்த கஸ்டர்ட் வாசம் திரைச்சீலை, துண்டு, அவள் தலைமுடி என எல்லாவற்றிலும் ஏறியது. அந்த இனிப்புக்கு அடியில், வியர்த்த உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த சில்லறையின் நாற்றம் லேசாக அடித்தது. கிளைவ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். வாங்கி வந்த மீனும் சிப்ஸும் காகிதத்திலேயே ஆறிக் கிடந்தன. அவன் விட்ட புகை மேலே எழவில்லை. மார்பில் வழிந்து, மடியில் வழிந்து, தரையோடு போனது.

ஒருநாள் காலை, அவன் தூங்கப் போன பிறகு, அவள் மிக்ஸரை நிறுத்தி ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு. தேநீர்ச் சிவப்பு இல்லை. குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. அசையாமல் பிடித்துப் பார்த்தாள். சற்று நேரத்தில் அடியில் கருப்பாக ஏதோ தங்கியது, மேலே தெளிந்தது, ஓரத்தில் ஆடை படிந்தது. இருந்த குப்பிகளையெல்லாம் திறந்து தொட்டியில் கொட்டினாள். கொழகொழவென்று இறங்கியது. குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பினால், கிளைவ் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தான். அவன் இறங்கி வந்த சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை.

"மெஷின நிறுத்துனியா?"

"இதுல ஏதோ கெட்டுப்போச்சு, கிளைவ். நாளைக்குக் கடையில வாங்கிக்கலாம்."

"போடு."

"வந்து கண்ணால பாரு, இது…"

"உள்ள எல்லாம் ஒரு பக்கமா எறங்குதுடி. கனமா இருக்கு. போடு."

அவன் சுவரில் சாய்ந்திருந்தான். சாய்ந்த பக்கத்துக் கன்னம் கருநீலம். மறுபக்கம் மெழுகு. நோரீனின் கை தானாகப் பிளக்கைச் சொருகியது. உருளைகள் வெறுமனே ஓடின. அவன் முகத்தில் நிறம் மெல்லப் பரவிச் சமமானது. மேலே ஏறிப் போனான்.

அவள் மதியம்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கோபம் வந்தது. சாவின் கையிலிருந்து பிடுங்கி வந்தவனை இந்தப் பழைய சாமானுக்குத் தூக்கிக் கொடுப்பதா? இது அவனைப் பிடித்திருக்கிறது, ஒழித்தால் விடும், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கி, கத்தரியால் வயரை வெட்டினாள். உருளைகள் நிற்கவில்லை. ஓட ஓடவே போர்வையில் சுற்றி, காரில் போட்டு, நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போனாள். போகும் வழியெல்லாம் போர்வை நெளிந்தது. இரும்புக் கழிவுத் தொட்டியின் விளிம்பிலிருந்து கீழே தள்ளினாள். சட்டம் நசுங்கியது, உருளைகள் கழன்று ஓடின. பாரம் இறங்கியது போல அழுகை வந்தது. அழுது முடித்துத்தான் வண்டியை எடுத்தாள்.

திரும்பும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் அங்கே மதியத்தை அடுத்து மாலை கிடையாது. கோட்டைக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டினாள். போன் அதன் பையிலேயே இருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

பிறகு கேட்டது. மேலே. ஒரு மெத்தென்ற அடி. ஒரு இழுவை. மறுபடி அடி. மறுபடி இழுவை.

ஒரே சீராக. அவசரமே இல்லாமல்.

படியேறினாள். கதவு திறந்திருந்தது. கட்டில் காலி.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரைவிரிப்பில் கிளைவ் உருண்டுகொண்டிருந்தான். கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கால்கள் சேர்ந்திருந்தன. சுவர்வரை ஒரு புரளல். கட்டில்வரை ஒரு புரளல். கண்கள் திறந்திருந்தன. கூரையைப் பார்த்தன. தரையைப் பார்த்தன. கூரையைப் பார்த்தன.

"கிளைவ்."

பாய்ந்து தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

நின்றான். மேல்பக்கம் வெளுத்தது. நெற்றி, மூக்கு, உதடு, எல்லாம். நிறம் முழுக்கக் கீழே இறங்கியது. தரையோடு இருந்த காது கருத்தது. கழுத்தில், அவள் விரலுக்கடியில், ஏதோ கெட்டியானது. உதடு அசைந்தது.

"உருட்டு."

கையை எடுத்தாள். அவன் அசையவில்லை. இப்போது அவனால் முடியவில்லை.

தள்ளினாள். புரண்டான். முகத்தில் நிறம் வந்தது. ஒரு மூச்சு வந்தது. நிறுத்தினாள். நிறம் இறங்கியது.

தள்ளினாள்.

போன் கீழே. ஒருமுறை எழுந்து கதவுவரை ஓடினாள். பின்னால் தொண்டையில் கொழகொழவென்று ஏதோ அடைத்தது. திரும்பி ஓடி வந்தாள்.

கத்தினாள். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி சத்தமாக ஓடியது.

ஜன்னல் முழுக்க இருட்டிவிட்டது. விளக்கைப் போட வழியில்லை. நோரீன் மண்டியிட்டு, அவன் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்துத் தள்ளினாள். இழுத்தாள். தள்ளினாள். ஒவ்வொரு புரளலிலும் அவன் கண் ஒருமுறை அவளைக் கடந்து போனது. அவள் கைகள் சோர்ந்து தளரத் தொடங்கியிருந்தன.