தானாக நகர்ந்த வேன்

சுபோதினியின் அப்பா வரதராசா எட்டு மாதமாகச் சரியாகப் பேசுவதே இல்லை. யாரோடும் கோபம் கிடையாது. அவர் பதினேழு வருடம் வேலை செய்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அன்று பின்னேரம் கொழும்பு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்து, மாடி வீட்டின் மூலையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தவர்தான். எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார், இல்லாவிட்டால் "இல்லை" என்பார்.

"அப்பாவிட்ட ரெண்டு சொல்லுத்தான் மிச்சம் இருக்கு" என்றான் தம்பி ஜனா. அவனுக்கு ஆறு வயது. அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பேசாத வீட்டில் இருக்கவேண்டியது சுபோதினியும் ஜனாவும்தான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம். சில நாட்களில் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் அழுவாள்.

பிறகு ஒருநாள் அப்பா ஒரு பழைய ஜப்பான் வேனோடு வந்து நின்றார். அச்சகத்தில் கடைசியாகக் கொடுத்த காசு முழுவதும் அதற்குப் போய்விட்டது.

"பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தி இறக்கப் போறன்" என்றார்.

நான்கைந்து சொற்களை ஒன்றாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஜனா வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஆனால் அது சாமான் ஏற்றிய வேன். உள்ளே ஒரு சீட் கூட இல்லை. ஹேண்ட்பிரேக்கும் தொளதொளவென்று ஆடியது. பிள்ளைகளை ஏற்றுவதென்றால் வேலை நிறைய இருந்தது.

கீழ் வீட்டிலேயே ஒரு கராஜ் இருந்தது. சுபோதினியின் வகுப்பில் படிக்கும் றிப்னாவின் வாப்பாதான் அதை நடத்தினார். கொழும்பில் வாகனம் திருத்துகிறவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய வீட்டாருக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கலாம்.

பாஸ் வேனைச் சுற்றிப் பார்த்தார். "சீட்ட நீங்களே போடுங்க அண்ணே, அது பிரச்சின இல்ல. பிரேக்க மட்டும் எனக்கு விடுங்க."

"வேண்டாம் பாஸ்" என்றார் அப்பா. "முந்தி ஒரு கராஜில என்ர ஸ்கூட்டரை விட்டனான். நல்ல பற்றரியைக் கழட்டிப்போட்டுச் செத்த பற்றரியைப் பூட்டித் தந்தவங்கள். இனிக் கராஜ்காரரை நம்ப மாட்டன்."

பாஸின் முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்தக் கராஜ் இல்லையே அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார். "பிள்ளைகள் ஏறுற வாகனமெல்லோ. பிரேக்கைப் பாஸிட்டயே குடுங்கோவன்."

"அச்சு மெசினையே முழுசாக் கழட்டிப் பூட்டின கை இது! ஒரு கேபிள் பூட்டத் தெரியாதோ எனக்கு?"

அவர் இப்படிக் குரல் உயர்த்திப் பேசுவதே அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு மீன் துண்டை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. அப்பா வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சீட்டுகளும் ஹேண்ட்பிரேக்குக்குப் புது கேபிளும் வாங்கி வந்தார். சீட்டுகளை வரிசையாகப் பூட்டினார். ஃபோனில் வீடியோவைப் பார்ப்பதும், வேனுக்கு அடியில் புகுவதும், வெளியே வந்து மறுபடியும் வீடியோவைப் பார்ப்பதுமாக இருந்தார். சுபோதினி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். ஜனா பிழையான ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு போல்ட் மிஞ்சிக் கிடந்தது.

"அப்பா, இது எங்க பூட்டுறது?"

"அது பழசு பிள்ளை, தேவையில்லை" என்றார் அப்பா. சுபோதினி அதை ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் வேனுக்குப் பூசை நடந்தது. திங்கட்கிழமையில் இருந்து வேனில் போகப்போகும் ஆறு வீட்டுப் பிள்ளைகளும் தாய்மாரோடு வந்திருந்தார்கள். கோயில் தெரு கொஞ்சம் சரிவானது. அப்பா வேனைச் சரிவு இறங்கும் பக்கம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார்.

குருக்கள் வேனுக்கு மாலை போட்டுச் சந்தனம் பூசினார். நான்கு சில்லுகளுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். பூசை முடிந்ததும் சாரதி ஏறி அவற்றை நசித்துக்கொண்டு புறப்படவேண்டும். அப்போதுதான் கண்ணூறு கழியும் என்பார்கள்.

கற்பூரம் எரிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். சுபோதினி மூடவில்லை. மோதகத் தட்டுக்குப் பக்கத்தில் ஜனா நின்றான். அவனை நம்பிக் கண்ணை மூட முடியாது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வேனுக்குள் யாரும் இல்லை. ஆனாலும் வேன் மெல்ல முன்னால் வந்தது. நான்கு தேசிக்காய்களும் ஒன்றாக நசிந்து சாறு தாரில் ஓடியது. ஒரு சாண் தூரம் வந்து வேன் நின்றுவிட்டது.

"ஐயோ, இங்க பாருங்கோ!" என்று பக்கத்து வீட்டு அன்ரி கத்தினார். "ஆள் ஏற முதலே தேசிக்காய் நசிஞ்சிட்டுது! பிள்ளையாரே ஓட்டிட்டார்!"

"நல்ல சகுனம்" என்று குருக்களும் தலையை ஆட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் பல் தெரியச் சிரித்தார்.

சுபோதினி நசிந்த தேசிக்காய்களையே பார்த்தாள். பிள்ளையாருக்குத்தான் எலி இருக்கிறதே, அவருக்கு எதற்கு வேன்? ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பா மறுபடியும் அந்த மூலைக்கே போய்விடுவார். மறுபடியும் "ஓம்", "இல்லை". அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பிள்ளையள் எல்லாரும் வேனுக்கு முன்னால நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்!" என்றார் அன்ரி.

பிள்ளைகள் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். ஜனா நடுவில் நின்று, வேனில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"முன்னால வேண்டாம்!" சுபோதினியின் குரல் கீச்சென்று வந்தது. "எல்லாரும் இஞ்சால வாங்கோ! கெதியா!"

அவள் ஜனாவைப் பிடித்து இழுத்தாள். மற்றப் பிள்ளைகளையும் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு பிள்ளையின் மோதகம் கீழே விழுந்தது. அது அழத் தொடங்கியது.

"என்ன பிள்ளை இது, நல்ல காரியம் நடக்கேக்க?" என்று அன்ரி ஏசினார். சுபோதினி நேரே அப்பாவிடம் போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல் காதுக்குள் சொன்னாள்.

"அப்பா, வேன் தானா வந்திட்டுது. ஹேண்ட்பிரேக் பிடிக்கேல்லை."

அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. "படம் பிறகு எடுப்பம்" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒருவரையும் ஏற்றாமல், தனியாக வேனை மெல்ல ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா கோயிலில் நின்று வந்தவர்களுக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சுபோதினி ஜனாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் பயந்தபடியே நடந்திருந்தது. அப்பா மூலைக் கதிரையில் இருந்தார்.

"அப்பா" என்றாள். பதில் இல்லை. "ஓம்" கூட இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே வேனில் சாய்ந்து நின்ற ஜனாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. இல்லை, சொல்லத்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும்.

"அப்பா, சீட்டெல்லாம் நல்ல வடிவாப் போட்டிருக்கிறீங்கள். பிழைச்சது பிரேக் ஒண்டுதான். நான் கீழ போய்ப் பாஸைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நானும் பார்த்தனான்."

"என்னத்தை?"

"வேன் நகர்ந்ததை. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தனான். எனக்குத் தெரிஞ்சது பிள்ளை, அது பிரேக்தான் எண்டு. எல்லாரும் சிரிக்கேக்க நானும் சிரிச்சனான். ஜனா முன்னால போய் நிண்டவன். அப்பவும் எனக்கு வாய் வரேல்லை. நீ சொல்லாட்டி..." முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பெரியவர்கள் அழும்போது என்ன செய்யவேண்டும் என்று சுபோதினிக்குத் தெரியாது. அவருடைய முழங்காலில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஜனாவும் வந்து மற்ற முழங்காலில் கை வைத்தான்.

கடைசியில் அப்பா எழும்பினார். "நீ போக வேண்டாம். ஏசினது நான். நானே போய்க் கூப்பிடுறன்."

பாஸ் வீட்டில் கட்டும் சாரத்தோடே வந்து, ஒரு அட்டையை விரித்து வேனுக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் விளையாட்டு இல்லை.

"கேபிள் நல்ல கேபிள். அதப் பிடிச்சிக்கொண்டு ஈக்கிற போல்ட் ஒண்டு இல்ல. இழுக்க இழுக்க நழுவிப் போகுது."

சுபோதினி மாடிக்கு ஓடிப்போய் டின்னோடு வந்தாள். பாஸ் போல்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பாஸ், அண்டைக்கு நான் கதைச்சது..."

"அத விடுங்க அண்ணே. சீட்டு நல்லாத்தான் போட்டீக்கிறீங்க. என்ட கராஜ் பொடியன்மாருக்கு இப்பிடி வராது. ஆனா பின் பிரேக்கையும் கழட்டிப் பாக்கணும். செவ்வாய்க்கிழமதான் தருவன்."

அப்படியென்றால் திங்கட்கிழமை வேன் ஓடாது. ஆறு வீட்டுக்கும் சொல்லவேண்டும். அதற்குள் அம்மாவும் வந்துவிட்டார்.

"வேனில ஏதோ சின்ன வேலை எண்டு சொன்னாலே காணும்" என்றார் அம்மா.

"இல்லை" என்றார் அப்பா. சுபோதினிக்கு அந்தச் சொல் பழைய "இல்லை" மாதிரிக் கேட்கவில்லை. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, ஃபோனை எடுத்து முதல் வீட்டுக்கு அழைத்தார்.

"நான் வரதராசா கதைக்கிறன். நான் பூட்டின ஹேண்ட்பிரேக் பிழை. கோயிலில வேன் தானா நகர்ந்தது அதாலதான். பாஸ் திருத்தித் தந்த பிறகுதான் ஓடுவன். உங்களுக்குப் பயமெண்டால் வேற வேனைப் பாருங்கோ, நான் கோவிக்க மாட்டன்."

ஒருவர் போட்ட சத்தம் ஃபோனுக்கு வெளியிலும் கேட்டது. ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டார். இரண்டு வீட்டுக்காரர் இனிப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தாய் அரைமணி நேரம் கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பா பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு கேள்விக்குக்கூட "ஓம்", "இல்லை" என்று மட்டும் சொல்லவில்லை.

ஆறாவது வீட்டோடு பேசி முடித்தபோது அவருடைய குரல் கட்டிப்போயிருந்தது. சுபோதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா, இனி ஆரோட கதைக்கவேணும்?"

அப்பா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம்விட்டார்.

"இனி உன்னோட" என்றார்.