பூட்டி வைத்த நாற்பத்தொரு சொற்கள்

நான்காம் குழாய்த்தெருவில் தினமும் மாலை மூன்று மணி நேரம் யாரும் பேசுவதில்லை. அந்த நேரத்தில் அங்கே காற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். பெரியவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளை நடக்கப் பழக்கும் முன்பே அசையாமல் கிடக்கப் பழக்கிவிடுவார்கள். சனிக்கோளின் நிலவான டைட்டனில், பனிக்கு அடியில் குடியிருந்த முந்நூற்று நாற்பது பேருக்கும் இது சாதாரணம்.

அஞ்சுகத்தால் மட்டும் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. அந்த மூன்று மணி நேரமும் பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் காற்றறைக்குப் போனாள். அங்கே காற்றைத் திறந்து மூடும் திருகுகளைக் கவனித்து வந்தவர் கலியபெருமாள்.

“அண்ணே, எங்க தெருவுல மட்டும் ஏன் குறைக்கிறீங்க? புள்ள மூச்சுக்குத் தவிக்குது. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

“நான் என்னம்மா பண்ணுவேன்? பட்டியல்ல இருக்கு, திருகுறேன்.”

“பட்டியல யாரு போட்டது?”

“எனக்கு முன்னாடி இருந்தவரு குடுத்துட்டுப் போனாரு.”

“அப்ப இத யாருகிட்டதான் கேக்கறது?”

கலியபெருமாள் யோசித்துப் பார்த்தார். அப்படிப்பட்ட ஒருவரைக் குறிக்க அவர்கள் மொழியில் சொல்லே இல்லை.

பூமியின் போர்களுக்குத் தப்பி வந்த முன்னோர், சில சொற்கள்தான் சண்டைக்கு வித்து என்று நம்பினார்கள். நாடு, அரசு, எல்லை, கட்சி, முதல்வர் என நாற்பத்தொரு சொற்களை மொழியிலிருந்து பிடுங்கி, நூலகிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நூலகி என்பது புத்தகங்களையெல்லாம் தனக்குள் வைத்திருக்கும் பேசும் எந்திரம்.

அஞ்சுகம் நேராக அதனிடம் போனாள். “எல்லாருக்கும் சேத்து முடிவு பண்றாங்களே, அவங்களுக்கு என்ன பேரு?”

“அது பூட்டிய சொற்களில் உள்ளது. கேட்பவருக்குத் தடையில்லை” என்றது நூலகி. “நூற்றுப் பத்து ஆண்டுகளில் நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.”

திரையில் எழுத்துகள் ஓடின. அரசு: எல்லோருக்குமாக முடிவெடுப்பது, அந்த எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இரண்டாவது பாதியை அவள் நாலைந்து முறை படித்தாள்.

மறுநாள் ஊர் கூடியபோது அதையும், அடுத்திருந்த ‘முதல்வர்’ என்ற சொல்லையும் உரக்க வாசித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முடிவில், காற்றைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்பதால் கலியபெருமாளையே முதல்வர் ஆக்கினார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்காமல் இனி எதையும் மாற்றக் கூடாது என்று ஒரு விதியும் செய்தார்கள்.

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்றார் அவர். “ஆனா யாரு வந்து கேட்டாலும் பதில் சொல்லுவேன்.”

சொன்னபடியே பத்து நாள் கண்விழித்துப் பட்டியலை அலசினார். எப்போதோ மூடப்பட்ட ஒரு செடிக்கூடத்துக்குத்தான் நான்காம் தெருவின் காற்று போய்க்கொண்டிருந்தது. ஒரு திருகைத் திருப்பினால் தீர்ந்தது. புதிய விதிப்படி அந்தத் தெருவிலிருந்து ஒரு வாய் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அஞ்சுகம் எப்போது வருவாள் என்று காத்திருந்தார்.

அவள் வந்தாள். காற்றறை வாசலில் வரிசை நின்றது. யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்கள். கலியபெருமாளின் பழைய முக்காலியை அகற்றிவிட்டு, உயரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. “பதவிக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல?” என்றார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. முன்னால் போனவர்கள் கும்பிட்டார்கள், குனிந்தார்கள், நகர்ந்தார்கள். அஞ்சுகம் கோபத்தோடுதான் நின்றிருந்தாள். முறை நெருங்க நெருங்க அவளும் தலைமுடியை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“வா அஞ்சுகம்!” கலியபெருமாள் பாதி எழுந்தேவிட்டார். “பாப்பா எப்படி இருக்கு?”

அவள் கைகள் தாமாகக் குவிந்தன. “உங்க புண்ணியத்துல நல்லா இருக்குங்கய்யா.”

“மூச்சு இழுக்குதுன்னியே? தெருவுல ஏதாச்சும் குறை இருந்தா கேளு, தயங்காத.”

“ஒரு குறையும் இல்லீங்கய்யா. உங்களப் பாத்ததே போதும்.”

பின்னாலிருந்தவர் இலேசாகத் தள்ள, அவள் நகர்ந்தாள். நான்காம் தெருவின் திருகைக் குறித்துக் கையில் தயாராக வைத்திருந்த தாளைக் கலியபெருமாள் பார்த்தார். பெருமூச்சு விட்டு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவள் கணவன் திருமேனி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். “கேட்டியா? என்ன சொன்னாரு?”

அஞ்சுகத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

“அத்தன பேருக்கு நடுவுல, அஞ்சுகம்னு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருங்க.”

“நெசமாவா!”

குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, காற்று குறைவதற்குள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஓடினான் திருமேனி.