வைரஸ் படாத தட்டு

நான்காம் தட்டு மின்னியது.

ஹில்டா, ஒளிர்வு தெரிவதற்காக அணியும் ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நீல விளக்கின் கீழ் தட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்த அறைக்குள் பகல் இரண்டு மணியும் தெரியாது, உப்பளத்து வெயிலும் தெரியாது. குளிர்பெட்டியின் முனகலும், சிப்பித் தொட்டியின் பாசி வாடையும், துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் விட்டு விட்டு ஊதுகிற சத்தமும்தான். முதல் மூன்று தட்டுகளில் கடுகளவு நாடாப்புழுக் குஞ்சுகள் பச்சையாக மின்னின. அவை மின்ன வேண்டியவை. நான்காவது மின்னக் கூடாது. அதில் வைரஸே விடவில்லை.

திருக்கை மீனின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழு, குஞ்சாக இருக்கும்போது முத்துச்சிப்பிக்குள் வந்து தங்கும். அதைச் சுற்றித்தான் சிப்பி முத்தைக் கட்டுகிறது என்று பழைய குறிப்புகள் உண்டு. உண்மைதானா என்று பார்க்கத்தான் இந்தச் சின்னத் தனியார் ஆய்வகம். புழுவுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வைரஸைத் தயாரித்திருந்தார்கள். அதன் உள்ளே இருந்ததையெல்லாம் மீன் குடலை உருவுவதுபோல உருவிவிட்டு, ஒளிரும் மரபணுவை மட்டும் அடைத்திருந்தார்கள். ஒரு செல்லுக்குள் ஒருமுறை புகும், சரக்கை இறக்கும், அதோடு சரி. பெருகாது. பரவாது.

அப்படியென்றால் யாரோ கலந்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அங்கே வேலை பார்ப்பதே இரண்டு பேர்: ஹில்டாவும், ஏரலிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் முத்துக்குமரனும். வருகிற ஜூனில் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். வெளி அறையில் அவன் சிப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“முத்து, நாலாம் தட்டைத் தொட்டியால?”

“நான் தொடலக்கா.” அவன் திரும்பவில்லை.

“அப்ப அது தானா மின்னுதாக்கும்?”

அவன் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு, அடுத்த சிப்பியைத் தேய்க்கத் தொடங்கினான்.

அன்றிலிருந்து ஹில்டா அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். முன்பெல்லாம் அவள் கொண்டுவரும் மீன் குழம்பை உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன், இப்போது டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே பூவரச மரத்தடிக்குப் போய்விடுகிறான். அவள் நடைவழியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறான். ஒருநாள், அவள் வெளியே வந்து கதவைச் சாத்திய இரண்டாம் நிமிடம், பின்னால் பஞ்சு தேய்க்கிற மெல்லிய சத்தமும் ஸ்பிரிட் வாடையும் வந்தன. திரும்பிப் பார்த்தாள். கதவின் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். தடயம் அழிக்கிறான் என்று நினைத்தாள். பயலுக்கு நம் வேலை மேல் கண்.

புதுத் தட்டுகள், புது ஊசி, சீல் உடைக்காத பாட்டில். புழுக்குஞ்சுகளை வைரஸ் விடாமல் வளர்ப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோத்துக்கொண்டாள். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

வியாழக்கிழமை திறந்தாள். எல்லாத் தட்டும் பச்சை.

சென்னையில் இருக்கும் ஆய்வகத் தலைவர் டாக்டர் வில்பிரட்டுக்குப் போன் போட்டாள். “சுத்தம் பத்தலம்மா. கிளவுசை மாத்துங்க, திரும்பப் பண்ணுங்க” என்றார் அவர். முத்துக்குமரனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனாலும் புத்தியில் அந்தப் பச்சைதான். கணவன் கப்பலில், வர இன்னும் நான்கு மாதம். நாலு வயது ஷெர்லி, அம்மா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து வாயில் வைத்தால்தான் விழுங்குவாள். ஊட்டிக்கொண்டே ஹில்டா யோசித்தாள். சாவி என்னிடம் இருக்கிறது. எப்படித் திறந்தான்?

சனிக்கிழமை முத்துக்குமரன் வருவதற்கு முன்பே ஆய்வகத்துக்குப் போனாள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ரோச் அண்ணன் விடிகாலையில் எடுத்த சிப்பிகளை ஈரச்சாக்கோடு வாசலில் இறக்கியிருந்தார். அவள் இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். புதுக் கத்தி. முதல் சிப்பியைப் பிளந்து, சதையிலிருந்து ஏழு குஞ்சுகளை எடுத்துத் தட்டில் விட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீல விளக்கைப் போட்டாள்.

தட்டு இருட்டாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

மூச்சு விட்டாள். அவனேதான். அவன் இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்தாள். வெளியே நிலக்கரி லாரிகள் போயின. தொட்டியில் காற்றுக்குமிழ்கள் வெடித்தன. வாசல் கதவு திறந்தது, செருப்புச் சத்தம் இருட்டறை வரைக்கும் வந்து நின்றது. அவன் வந்துவிட்டான். தாழ் போட்டிருக்கிறது. வரட்டும்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு புள்ளி பச்சையானது.

வைரஸ் புகுந்தாலும் மரபணு ஒளிர இரண்டு நாள் வேண்டும். இது இருபது நிமிடம். இன்னொரு புள்ளி. அடுத்தது. ஏழும்.

யாரும் உள்ளே வரவில்லை. யாரும் தொடவில்லை. அவளைத் தவிர.

எழுந்து தாழை நீக்கினாள். முத்துக்குமரன் வாசற்படிக்கு அந்தப் பக்கம் இரண்டடி தள்ளி நின்றான்.

“திரும்பவும் மின்னுதாக்கா?”

“நீ... நீ உள்ளயே வரலயேல.”

“பத்து நாளா உங்க தட்டுப் பக்கமே நான் வரல.” அவன் உள்ளே எரிந்த விளக்கைக் காட்டினான். “அக்கா, கிளவுசைக் கழட்டிட்டுக் கையை விளக்குல காட்டுங்க.”

“எதுக்கு?”

“நாலாம் தட்டு மின்னுன அன்னைக்கு நீங்க கை கழுவும்போது நீல விளக்கு எரிஞ்சிச்சு. நான் கண்ணாடி போட்டிருந்தேன். ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்திச்சு. நம்பவும் முடியல, சொல்லவும் பயம். கோவிச்சுக்காதீங்கக்கா. காட்டுங்க.”

சிப்பி ஓட்டில் கிழிந்திருந்த கையுறையை உரித்தாள். சிப்பி திறக்கிற எல்லோருக்கும் இருக்கிற பழைய கீறல்கள்தான் விரல்களில். விளக்கின் கீழ் நீட்டினாள்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, தோலுக்கடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு பச்சை. பக்கத்தில் இன்னொன்று. மணிக்கட்டு வரை வரிசையாக. வலியில்லை. அரிப்பில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நகர்ந்தது. விரல் நுனியை நோக்கி.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் ஆட்டோ கூப்பிடுதேன்.”

அவளுக்குக் கேட்கவில்லை. விரல் நுனி. பிசைந்த சோறு. உருண்டை.

நீல டார்ச்சையும் கண்ணாடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் எடுத்தது. உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஷெர்லி தரையில் கவிழ்ந்து படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தூக்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். திரையை இழுத்தாள். அறை இருண்டது.

“ஒளிஞ்சு வெளையாடப் போறோமாம்மா?”

“ஆமாட்டி தங்கம். வாயைத் தெற.”

“எதுக்கு?”

“தெற. நாக்கைத் தூக்கு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சைப் போட்டாள்.

நாக்கின் அடியில் பச்சை. ஈறுகளில் பச்சை. தொண்டைக்குள், வெளிச்சம் எட்டுகிற ஆழம் வரைக்கும், எண்ண முடியாமல்.

குழந்தை வாயை மூடவில்லை. அம்மா சொன்னபடி அப்படியே நின்றது. நின்ற குழந்தையின் வாய்க்குள், புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. நூலாக நீண்டன. உதட்டுக்கு வெளியே வந்து, வெளிச்சத்தில் மெல்ல ஆடின.