ஆடத் தகுந்த ஆட்டம்

அந்த ஞாயிறும் அலைக்கல்துறை அணி தோற்றது. ஆட்டக்காரர்கள் உடைகூட மாற்றவில்லை. முன்கணிப்பான் காலையிலேயே முடிவைச் சொல்லிவிட்டது. கால்பந்துக் கூட்டமைப்பு அதைப் பதிவு செய்துவிட்டது.

ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஓட்டத்தையும் மூச்சையும் அளந்து வைத்திருக்கும் கருவி அது. முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியென்றால் ஆட்டமே நடக்காது. எங்கள் மைதானத்தில் இரண்டு பருவங்களாக விசில் ஊதவில்லை. அந்த அணிக்குத்தான் என் தம்பி ததேயு மேலாளரானான்.

"ஆடாத டீமுக்கு என்னத்துக்குடே மேனேஜர்?" என்றேன்.

"ஆட வைக்கத்தாங்க்கா. ஜெயிக்கிறத பொறவு பாக்கலாம்."

எங்கள் கரையில் எந்த வள்ளம் எந்த இடத்தில் வலை வளைப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். ததேயு அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தான். கோல் காப்பது உட்பட எல்லா இடத்திலும் எல்லாரையும் மாதக்கணக்கில் பழக்கினான். பிறகு அறிவித்தான்: யார் எங்கே நிற்பார் என்பதை விசிலுக்கு முன் குலுக்கும் சீட்டுதான் சொல்லும்.

கருவி எங்கள் ஆட்களை அறியும், சீட்டை அறியாது. தோல்வியின் உறுதி தொண்ணூறுக்கு இறங்கியது. ஆட்டம் நடந்தே ஆகவேண்டும்.

வந்தவர்கள் நடப்புச் சாம்பியன்கள். அவர்களும் இரண்டு பருவங்களாக ஆடாமலேயே வென்றவர்கள். பயிற்சிக்கூடத்தில் அளந்த கால்களைத்தான் கருவி நம்பியிருந்தது. மணலும் வெயிலும் சேர, இடைவேளைக்கு முன்பே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாய் விரிக்கட்டா அண்ணாச்சி?" என்று கூட்டம் கேட்டது.

வென்றோம். அடுத்த ஆட்டத்தையும், அதற்கடுத்ததையும் வென்றோம். கருவி கற்றுக்கொண்டே வந்தது.

கடைசி ஆட்டத்தில் வென்றால் கோப்பை. ஊரே வந்து உட்கார்ந்திருந்தபோது பலகையில் எழுத்து ஓடியது: அலைக்கல்துறை வெற்றி, உறுதி தொண்ணூற்றேழு. கால்மணி நேரத்தில் பதிவாகிவிடும். ஒருவரும் கை தட்டவில்லை.

"எதுடே நம்மள இம்புட்டு ஏத்திவிட்டுருக்கு?" என்றான் ததேயு.

கேப்டன் ரொசாரி கணிப்பின் காரணங்களைப் படித்தான். "ஒங்க பேருதாண்ணே மேல நிக்குது. சீட்டு விழுந்த பொறவு நீங்க ஆளுங்கள நகத்துற வெதமாம்."

"அப்ப சோலி லேசு. நான் வெலகிருதேன்."

"கோப்பை கையில இருக்குண்ணே. தோத்துட்டா?"

"தோத்தோம்னு நாம சொல்லுவோம். அது சொல்லாண்டாம்."

நடுவரிடம் போய்ப் பதவி விலகினான். உறுதி தொண்ணூற்று மூன்றாயிற்று. ததேயு படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது விசில் ஊதியது. கூட்டம் எழுந்தது, அவன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

ஆட்டம் முடியும் நேரத்தில் விழுந்த ஒரு கோலில் கோப்பையை இழந்தோம்.

பல வருடங்கள் கழித்து, ததேயுவை அடக்கம் செய்த அன்று ஊரில் பலரும் என்னிடம் வந்து அந்தக் கோலைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்.