உரிமையாளரின் விரல்

கண்ணாடித் தகட்டில் யாரும் விரல் வைக்கவில்லை. ஆயினும், நடைவழியின் கோடியிலிருந்த அச்சுப்பொறி காகிதத்தை உள்ளிழுக்கும் ஓசை கேட்டது.

விடுமுறை நாளின் பிற்பகல். அலுவலகத்தில், கணினிகளைச் சீரமைக்க வந்திருந்த அவளைத் தவிர வேறெவரும் இல்லை. மழை சன்னல்களை அறைந்துகொண்டிருந்தது; தரைவிரிப்பிலிருந்து ஈரவாடை எழுந்தது; அணைந்து கிடந்த திரைகள், வேண்டாத விருந்தாளியை வெறிப்பதுபோல் அவளையே வெறித்துக்கொண்டிருந்தன.

அச்சுப்பொறிக்கான புதிய ஏற்பாடு எளிமையானது. எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாலும் அச்சுப்பணி பொது வரிசையில் காத்திருக்கும். அக்கணினிக்கு உரியவர் நேரில் வந்து அச்சுப்பொறியின் கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலை வைத்தால்தான் காகிதம் வெளிவரும். ஒவ்வொரு கணினியிலும் உரியவரின் பெயரைத் தனித்தனியே பதிந்திருக்க வேண்டியவள், மேலாளர் விரட்டிய விரட்டில், முதற்கணினியின் அமைப்புகளையே எல்லாவற்றிலும் படியெடுத்து ஒட்டிவிட்டாள். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் மடிக்கணினியிலும். அந்த முதற்கணினியோ, சென்ற மாதம் அதன் எதிரிலேயே, நாற்காலியில் அமர்ந்தவாறு இறந்துபோன கணக்கருடையது.

மடிக்கணினியிலிருந்து அவள் அனுப்பிய சோதனைத்தாள் சூடாக வெளிவந்திருந்தது. மேல் ஓரத்தில் கணக்கரின் பெயர். தகட்டில் ஈரமான கட்டைவிரல் ரேகை.

மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், எல்லா கம்ப்யூட்டர்லயும் அக்கவுண்டன்ட் சார் பேரே விழுந்திருக்கு. யாரும் விரல் வைக்காமலே பிரிண்ட் வருது."

"ஏம்மா, செத்தவன் வந்து கைநாட்டு வைக்கிறானா? காப்பி அடிக்கிறதுக்குக்கூட கொஞ்சம் மூளை வேணும்."

"கண்ணாடியில ஈரமா ஒரு ரேகை இருக்கு சார்…"

"தொடைச்சுடு. நாளைக்குக் காலைல எல்லாம் ஓடலைன்னா, நீ வீட்டுலயே இருந்துக்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தியே. துடைத்தாள். துணியில், கணக்கரிடம் எப்போதும் வீசிய மருந்து நெடி ஏறியது.

மடிக்கணினியை ஒரு மேசையில் வைத்து, அதன்முன் அமர்ந்து, அங்கிருந்தபடியே மற்றக் கணினிகளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கணக்கரின் பெயரை அழிக்கத் தொடங்கினாள். முதற்பெயரை அழித்ததும், அறையின் மறுகோடியில், கணக்கர் அமர்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ சிரமப்பட்டு எழுவதுபோல். சற்றைக்கெல்லாம் அடுத்த நாற்காலி முனகியது, யாரோ அமர்வதுபோல். நாற்காலியின் மரம் உப்பியிருக்கும், மழைக்காலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெயரை அழித்தாள். அந்த நாற்காலி பின்னகர்ந்தது. அதற்கடுத்தது அழுந்தியது.

அவளுக்குப் புரிந்தது. தாமதமாகப் புரிந்தது. பெயர் இருக்கும் இடத்தில்தான் அவரால் இருக்க முடியும். அவளோ அவரை ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்த நினைத்தாள். விரல்கள் நிற்கவில்லை. இன்னொரு பெயர். இன்னொரு கிறீச்சொலி. எதிர்மேசை. பக்கத்து மேசை. மருந்து நெடி.

பின்பு அமைதி. நாற்காலிகள் யாவும் மேசைகளிலிருந்து விலகிக் கிடந்தன. ஒவ்வொன்றும் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவர் பெயர் இன்னும் ஒரே ஓர் இடத்தில் இருந்தது.

அவளது மடிக்கணினியில்.

நீக்கும் விசையில் கட்டைவிரலை வைத்தாள். அவள் அமர்ந்திருந்த நாற்காலி, இருவரின் சுமை தாங்காமல், மெல்ல முனகியது. தொடைகளின்மேல் குளிர் கனத்தது.

விசையை அழுத்த முடியவில்லை. அவளது விரலின்மேல் ஈரமான கட்டைவிரல் ஒன்று படிந்திருந்தது.

நடைவழியின் கோடியில், அச்சுப்பொறி காகிதத்தை உள்ளிழுத்தது.